வெயில் இருக்கிறது, கரண்ட் இல்லை: சின்ன சோலாரில் கோளாறு கண்டுபிடிக்கும் வரிசை

“பேனல் போயிடுச்சு, புதுசு மாத்தணும்” என்றுதான் பேச்சு பெரும்பாலும் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பேனல் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயர் தளர்ந்திருக்கும், அல்லது பேட்டரி கிழடாகியிருக்கும். நான் இதுவரை பிரித்துப் பார்த்ததில் பேனலே செத்துப்போன கேஸ் மிகக் குறைவு. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் காசில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 20 வாட்டிலிருந்து 200 வாட் வரையான பேனல், 12 வோல்ட் பேட்டரி, இரண்டுக்கும் நடுவில் சார்ஜை ஒழுங்குபடுத்தும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர், தேவைப்பட்டால் சின்ன இன்வெர்ட்டர் உள்ள அமைப்புக்கு. கூரை முழுக்கப் பேனல் போட்டு மெயின் லைனோடு சேர்த்த அமைப்பு என்றால் இதை வைத்துக் கை வைக்க வேண்டாம். அங்கே சில நூறு வோல்ட் டிசி ஓடும்.

## இவற்றில் ஒன்று இருந்தாலும் மீட்டரை எடுக்காதீர்கள்

பேட்டரி உப்பியிருக்கிறது. கை வைக்க முடியாத சூடு. அழுகிய முட்டை நாற்றம். ஒயர் உறை உருகியோ கருகியோ இருக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேனல் மேல் கெட்டியான போர்வையைப் போட்டு முழுக்க மூடுங்கள். வெளிச்சம் போனால் சார்ஜ் தானாக நின்றுவிடும், பேட்டரிப் பக்கம் எதையும் தொடத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அப்புறம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி இருக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது.

## தொடங்குமுன் மனதில் இருக்க வேண்டிய எண்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், கெட்டித் துணி. இவ்வளவு போதும்.

12 வோல்ட் பேனல் (36 செல்) எதிலும் மாட்டாமல் வெயிலில் இருந்தால் 20 முதல் 22 வோல்ட் காட்டும். லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜும் லோடும் (விளக்கு, ஃபேன் மாதிரி கரண்ட் எடுப்பவை) இல்லாமல் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.7 என்பது ஃபுல், 12.2 பாதி, 11.8 காலி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 13.3க்கு மேல் ஃபுல், 12.5க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. நடுவில் 13.0, 13.1, 13.2 என்று எது காட்டினாலும் எவ்வளவு மீதி என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

கழற்றும்போது பேனல் ஒயர் முதலில், பேட்டரி ஒயர் அப்புறம். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் அப்புறம். இதை மாற்றிச் செய்தால் பேட்டரி இல்லாத கண்ட்ரோலருக்குள் பேனலின் 20 வோல்ட் நேராகப் போகும். கண்ட்ரோலரே போகலாம், இல்லாவிட்டால் 12 வோல்ட் சிஸ்டத்தை 24 என்று தப்பாகக் கணித்துக்கொள்ளும்.

## அறிகுறி: நல்ல வெயில், ஆனால் சார்ஜ் ஏறவே இல்லை

முதலில் பேட்டரி ஏற்கெனவே ஃபுல்லா என்று பாருங்கள். பேட்டரி 13.5 வோல்ட்டைத் தாண்டி நிற்கிறது, கண்ட்ரோலரில் ஆம்பியர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் அது ஃப்ளோட்டில் இருக்கிறது, அதாவது ஃபுல் ஆன பிறகு அப்படியே தாங்கிப் பிடிக்கும் நிலை. கோளாறே இல்லை. ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள், ஆம்பியர் உடனே ஏறும். எனக்கு வரும் புகார்களில் இதற்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

அப்படி இல்லையென்றால், எல்லாம் மாட்டியிருக்கும்போதே கண்ட்ரோலரின் பேனல் டெர்மினலில் மீட்டரை வையுங்கள்.

### பூஜ்யம் காட்டினால்

பேனலிலிருந்து கண்ட்ரோலர் வரை எங்கோ அறுந்திருக்கிறது. எம்சி4 கனெக்டர்களை (பேனல் ஒயர்களைச் சேர்க்கும் ப்ளக்குகள்) ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ‘க்ளிக்’ சத்தம் வராமல் பாதியில் நிற்பது சாதாரணம். வழியில் ஃபியூஸ் இருந்தால் அதையும் பாருங்கள். எலி கடித்த இடம், ஓட்டின் விளிம்பில் உரசிய இடம் இருக்கிறதா என்று ஒயர் முழுக்கக் கண்ணை ஓட்டுங்கள்.

அடுத்தது கண்ட்ரோலர் ஸ்க்ரூ. ஒருமுறை அரை நாள் இதிலேயே போயிற்று. ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது, ஒயரை இழுத்தால் வரவில்லை. கடைசியில் கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூ கவ்வியிருந்தது செம்பை இல்லை, ஒயரின் பிளாஸ்டிக் உறையை. செம்பு நுனி அதற்கு அந்தப் பக்கம் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் இழுத்துப் பார்ப்பதோடு விடுவதில்லை, கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இதெல்லாம் சரி என்றால் பேனலின் பின்பக்க ஜங்ஷன் பாக்ஸில் நேராக அளவெடுங்கள். அங்கே 20 வந்தால் ஒயரை மாற்றுங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் பாக்ஸுக்குள் எறும்புக் கூடு, துரு, விட்டுப்போன சால்டர் என்று ஏதாவது இருக்கும். சால்டர் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாக்ஸை ஒட்டி மூடிய பேனல் என்றால் குத்தித் திறக்க முயற்சி செய்யாதீர்கள், கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும்.

### 10 அல்லது 11 வோல்ட் காட்டினால்

பேனலைத் தனியாகக் கழற்றி அளந்தாலும் அதே பாதி அளவுதான் வருகிறதா? அப்படியென்றால் ஜங்ஷன் பாக்ஸில் உள்ள இரண்டு பைபாஸ் டையோடுகளில் (நிழல் விழுந்த செல் வரிசையைச் சுற்றிக் கரண்ட்டை அனுப்பும் சின்னப் பாகம்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. டையோடு விலை குறைந்த சாமான், பேனலை மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போது கோடு போட்ட பக்கம் பழையதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்துப் போட வேண்டும்.

### மைனஸ் குறி காட்டினால்

பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. நீட்டிப்பு ஒயரில் நிறம் மாற்றிச் சேர்த்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

### 20 வோல்ட் அப்படியே நின்றால்

பேனல் தயார், ஆனால் அதிலிருந்து யாரும் கரண்ட்டை எடுக்கவில்லை. கோளாறு பேட்டரிப் பக்கம். கண்ட்ரோலரின் பேட்டரி டெர்மினலிலும், பேட்டரியின் மேல் நேராகவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரியில் 12.4, கண்ட்ரோலரில் பூஜ்யம் என்றால் நடுவில் ஃபியூஸ் போயிருக்கிறது அல்லது டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறது. பேனல், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, வெந்நீரில் சோடா உப்பு கரைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். கரைசல் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது.

இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட், பேட்டரி வகையும் கண்ட்ரோலரில் சரியாக வைத்திருக்கிறது, அப்படியும் ஆம்பியர் இல்லை என்றால் கண்ட்ரோலர் போய்விட்டது. பிரித்துப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள்.

### 13, 14 வோல்ட் காட்டினால்

கண்ட்ரோலர் பிடபிள்யூஎம் (PWM) என்ற சாதாரண வகை என்றால் இது நல்ல செய்தி. சார்ஜ் ஏறும்போது அது பேனல் வோல்ட்டைப் பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும். கரண்ட் போகிறது. குறைவாகப் போகிறதா என்பதுதான் இனிக் கேள்வி.

## அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ரொம்பக் குறைவு

பிடபிள்யூஎம் கண்ட்ரோலரில் 100 வாட் பேனல் 100 வாட் தராது. அதன் ஆம்பியர் ஐந்தரைதான், அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டால் பெருக்கினால் 70 வாட் சொச்சம். அது இயல்பு. முழு வாட்டும் வேண்டுமென்றால், பேனலின் திறனை முழுக்க எடுக்கும் எம்பிபிடி (MPPT) வகை கண்ட்ரோலர் வேண்டும். 60 அல்லது 72 செல் உள்ள பெரிய பேனலை 12 வோல்ட் பிடபிள்யூஎம்மில் மாட்டியிருந்தால் பாதிக்கு மேல் வீண்தான். அது வாங்கும்போதே நடந்த தப்பு, ஒயரை மாற்றித் தீராது.

எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். துணி காயப்போடும் கயிறு, டிவி ஆன்டெனா கம்பி, ஒரு மரக்கிளை போதும். செல்கள் தொடராகக் கோர்த்தவை, ஒன்றை மூடினால் அந்த வரிசை முழுக்க அடிபடும். ஒரு வீட்டில் காலையில் ஏறும், மத்தியானம் குறையும், சாயங்காலம் மறுபடி ஏறும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியின் குழாய் நிழல் பதினொன்றரை மணிக்குப் பேனலுக்குள் வந்து இரண்டு மணிக்கு வெளியே போனது. மாலையில் மட்டும் போய்ப் பார்த்தால் எப்படித் தெரியும்? மூன்று வேளையும் போய்ப் பாருங்கள்.

அடுத்தது தூசி, பறவை எச்சம். காலையில், கண்ணாடி சூடாவதற்குள், தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்புறம் ஒயர். இது பலருக்கும் பிடிக்காத பேச்சு, வாங்கிவிட்டதை மாற்றச் சொல்ல வேண்டியிருக்கிறதே. பத்து மீட்டர் தூரம் என்றால் போகவர இருபது மீட்டர் செம்பு. 6 ஆம்பியர் ஓடினால் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 1.4 வோல்ட் தொலையும், 2.5இல் 0.8, 4இல் அரை வோல்ட். உங்கள் ஒயரில் எவ்வளவு போகிறது என்று பார்க்க, சார்ஜ் ஏறும்போது பேனல் பாக்ஸிலும் கண்ட்ரோலரிலும் அளந்து கழியுங்கள். கணக்கை விட நிறையப் போனால் நடுவில் ஒரு மோசமான ஜாயின்ட் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். எடுக்கும் கரண்ட் இல்லாமல் அளந்தால் எவ்வளவு மோசமான ஜாயின்ட்டும் 20 வோல்ட் காட்டி ஏமாற்றும், அதனால் ஓடும்போதே அளக்க வேண்டும்.

கடைசியாகப் பேனல். கண்ட்ரோலரிலிருந்து கழற்றித் துணியால் மூடி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துப் பேனலின் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மீட்டர் வழியாகச் சேர்த்து, துணியை எடுங்கள். பேனலின் பின்பக்க லேபிளில் ஷார்ட் சர்க்யூட் ஆம்பியர் என்று ஒரு எண் இருக்கும். மேகமில்லாத நண்பகலில் அதில் எண்பது சதவீதம் வந்தால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். லேபிளில் 10 ஆம்பியருக்கு மேல் போட்டிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். முடிந்ததும் மறுபடி மூடிவிட்டுக் கழற்றுங்கள், சிவப்பு ஒயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். நான் ஒருமுறை மாற்ற மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தேன். மீட்டரின் ஃபியூஸ் மட்டும் போயிற்று, புண்ணியம்.

லேபிள் அளவில் பாதிகூட வரவில்லை, செல்களில் பழுப்புக் கோடு தெரிகிறது, கண்ணாடிக்குள் ஈரம் என்றால் அப்போதுதான் புதுப் பேனல்.

## அறிகுறி: பகலில் ஃபுல் காட்டுகிறது, ராத்திரி சீக்கிரம் அணைகிறது

இதைத்தான் அதிகமாகப் பார்க்கிறேன். பேட்டரியைத் திட்டுவதற்கு முன் வரவு செலவைப் போட்டுப் பாருங்கள். 100 வாட் பேனல், பிடபிள்யூஎம், ஐந்து மணி நேர நல்ல வெயில்: 350 வாட்ஹவர். பேட்டரிக்குள் போய் வெளியே வருவதற்குள் கொஞ்சம் தொலைந்து கையில் கிடைப்பது 300 அளவில். 50 வாட் ஃபேனை எட்டு மணி நேரம் ஓட்டினால் செலவு 400. தினமும் நூறு கடன். முதல் வாரம் பேட்டரி சேமிப்பிலிருந்து சமாளிக்கும், இரண்டாவது வாரம் “பேட்டரி போச்சு” என்பார்கள்.

அடுத்து இன்வெர்ட்டர். எதுவும் ஓடாவிட்டாலும் ஆன் செய்து வைத்தால் சின்ன இன்வெர்ட்டர் அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியர் வரை தின்னும். 0.8 என்று வைத்தால் ஒரு நாளில் 19 ஆம்பியர்ஹவர், அதாவது மேலே சொன்ன வரவில் முக்கால் பங்கு. தேவையில்லாதபோது அணையுங்கள். விளக்கையும் ஃபேனையும் 12 வோல்ட் டிசி வகையாக மாற்றினால் இன்வெர்ட்டரே வேண்டாம்.

“ஃபுல்” என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். வெயில் இருக்கும்போது காட்டும் 14 வோல்ட் பேட்டரியின் அளவு இல்லை, சார்ஜரின் அளவு. ஒரு நாள் சாயங்காலம் பேனல், லோடு இரண்டையும் கழற்றிவிட்டுக் காலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். கீழே உள்ள எண்கள் லெட் ஆசிட்டுக்கு.

### 12.6, 12.7 இருந்தால்

சார்ஜ் இறங்காமல் நிற்கிறது. இப்போது 5 ஆம்பியர் (60 வாட்) லோடு போடுங்கள். 100 ஆம்பியர்ஹவர் பேட்டரி 12.4, 12.5 அளவில் நின்று மெதுவாக இறங்க வேண்டும். போட்டதுமே 12க்குக் கீழே விழுந்தால், அல்லது மூன்று மணி நேரத்தில் 11.5 வந்தால், உள்ளே சார்ஜைச் சேர்த்துவைக்கும் இடம் போய்விட்டது. பேட்டரி வேண்டும்.

### 12.2, 12.3 இருந்தால்

ஃபுல்லே ஆகவில்லை. கண்ட்ரோலரில் பேட்டரி வகை தப்பாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றும் வகைக்குப் பொதுவாக 14.4 வரை ஏற வேண்டும், பேட்டரி மேல் அச்சிட்ட எண்தான் இறுதி. அது சரி என்றால் இரண்டு மூன்று நாள் லோடு இல்லாமல் வெயிலில் ஏறவிட்டு மறுபடி சோதியுங்கள். வாரக்கணக்கில் பாதிச் சார்ஜில் கிடந்த பேட்டரியில் கொஞ்சம் உயிர் திரும்பும். நிறையக் கிடந்திருந்தால் திரும்பாது.

### 10.5 பக்கம் இருந்தால்

ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது, அந்த இரண்டு சொச்சம் வோல்ட்தான் குறைகிறது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஐந்து செல் 1.240க்கு மேலே, ஒன்று மட்டும் 1.150 என்று தனியாக நிற்கும். இந்தப் பேட்டரியைச் சார்ஜில் விடாதீர்கள், மற்ற ஐந்தும் கொதிக்கும். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஆசிட்டை நீங்களே கொட்ட வேண்டாம்.

## அறிகுறி: லோடு போட்டதும் இன்வெர்ட்டர் கூவி அணைகிறது

300 வாட் லோடுக்கு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 30 ஆம்பியர் இழுக்கும். விளக்கு ஒயரில் இது நடக்காது.

இன்வெர்ட்டரைக் கண்ட்ரோலரின் லோடு டெர்மினலில் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்த டெர்மினல் பத்து, இருபது ஆம்பியருக்குத்தான். இன்வெர்ட்டர் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிசி ஃபியூஸோடு.

நேராகத்தான் போகிறது என்றால், லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு நுனியைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் இன்னொன்றை அதில் மாட்டிய லக்கிலும் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.2 காட்டினால் அந்த ஒரு ஜாயின்ட்டில் மட்டும் 6 வாட் சூடாகிக்கொண்டிருக்கிறது. சுரண்டி, சுத்தம் செய்து, இறுக்குங்கள். எல்லா ஜாயின்ட்டுக்கும் இதே சோதனை.

ஜாயின்ட் சரி, பேட்டரியும் மேலே சொன்ன சோதனையில் தேறிவிட்டது என்றால், ஓட்டும் சாமானைப் பாருங்கள். மோட்டார் உள்ளது எதுவும் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். 100 வாட் ஃப்ரிட்ஜுக்கு 300 வாட் இன்வெர்ட்டர் போதும் என்று கணக்கில் வரும், கிளம்பும் நொடியில் போதாது. லோடே இல்லாமலும் கூவுகிறது, பேட்டரி 12.5 என்றால் இன்வெர்ட்டரே பழுது. மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். இது மெக்கானிக் வேலை.

## அறிகுறி: விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது

நொடிக்கு நொடி என்றால் தளர்ந்த ஒயர். மணிக்கணக்கு இடைவெளியில் என்றால் கண்ட்ரோலர் வேண்டுமென்றே செய்கிறது. பல கண்ட்ரோலர்களில் பேட்டரி 11.1 வந்தால் லோடை அணைத்து, 12.6 ஏறினால்தான் திரும்பக் கொடுக்கும். அந்த எண்ணைக் குறைத்து வைத்துச் சமாளிப்பது பேட்டரியைக் கொல்வது. மேலே உள்ள வரவு செலவுக்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி: லித்தியம் பேட்டரி பூஜ்யம் காட்டுகிறது

பெரும்பாலும் சாகவில்லை, தூங்குகிறது. அளவுக்கு மீறி இறங்கியதும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) துண்டித்துவிடும். கண்ட்ரோலருக்குப் பேட்டரி இருப்பதே தெரியாது, அதனால் சார்ஜும் கொடுக்காது. எல்லா லோடையும் கழற்றிவிட்டு, லித்தியத்துக்கான மெயின் சார்ஜரில் போடுங்கள், பலவற்றில் எழுப்பும் வசதி உண்டு. எழுந்ததும் சூடு ஏறுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிரில் இருந்தால் முதலில் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், உறைந்த நிலையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜரிலும் எழவில்லை என்றால் விற்றவரிடம் கொடுங்கள், உறையைப் பிளக்காதீர்கள்.

## அறிகுறி: டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் வற்றுகிறது

எல்லா செல்லிலும் சமமாக வற்றினால் சார்ஜ் அதிகம். ஃப்ளோட் 13.8ஐத் தாண்டுகிறதா, பேட்டரி வெயில் படும் இடத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒரு செல்லில் மட்டும் வற்றினால் அந்த செல்லில் கோளாறு. தண்ணீரைத் தகடு மூழ்கும்வரை மட்டும் ஊற்றிச் சார்ஜ் ஏற்றுங்கள், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

## அறிகுறி: யூஎஸ்பி பேனலில் போன் நாள் முழுக்க இருந்தும் ஏறவில்லை

மடிக்கும் பேனலில் போனை நேராக மாட்டினால் ஒரு மேகம் போதும். வோல்ட் விழுந்ததும் சில போன்கள் மெதுவான சார்ஜுக்கு இறங்கிவிடும், வெயில் திரும்பினாலும் ஏறாது. கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். நாள் முழுக்க அதற்குக் காவல் இருக்க முடியாது, அதனால் பவர் பேங்க்கை வெயிலில் ஏற்றி ராத்திரி அதிலிருந்து போனுக்குக் கொடுங்கள். பவர் பேங்க்கும் போனும் பேனலின் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வைத்தால் சூட்டைப் பார்த்து அவையே சார்ஜை நிறுத்திவிடும்.